மண்டபத்துப் படகுக்கும் ஐஸ் கம்பெனிக்கும் இன்சூரன்ஸ் புரோக்கர் தேவையா? எங்கே தேடுவது, எப்படி வேலை வாங்குவது?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். மண்டபத்தில் அப்பா பெயரில் ஒரு விசைப்படகு, ஒரு நாட்டுப்படகு. அண்ணனும் நீங்களும் கூட்டாக நடத்தும் ஒரு ஐஸ் கம்பெனி, அதை ஒட்டி நண்டு அவித்துச் சதை எடுக்கிற ஒரு கூடம். எல்லாவற்றுக்கும் இன்சூரன்ஸ் போட்டுத் தருவது தாய்மாமா, அவர் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். போன மழையில் ஐஸ் கம்பெனிக்குள் தண்ணீர் ஏறியதற்கு, கேட்டதில் பாதிதான் கிடைத்தது. வங்கி மேனேஜர் ஒரு புரோக்கரைப் பார்க்கச் சொல்கிறார். புரோக்கர் வந்தால் செலவு கூடுமா, ஆளை எங்கே பிடிப்பது, மாமாவிடம் எப்படிச் சொல்வது? இதுதானே கேள்வி.

பொதுக் காப்பீட்டில் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்தவன் நான். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் நனைந்த சரக்கும் உடைந்த பலகையும் நிறையப் பார்த்தாயிற்று. அதை வைத்துச் சொல்கிறேன்: பைக்குக்கும் வீட்டுக்கும் உங்களுக்குப் புரோக்கர் வேண்டாம். விசைப்படகுக்கும் ஐஸ் கம்பெனிக்கும் வேண்டும். ஆனால் பிரீமியத்தைக் குறைத்துத் தருவார் என்று அவரைத் தேடாதீர்கள். விண்ணப்பப் படிவத்தை ஒழுங்காக நிரப்பவும், நஷ்டம் வந்த அன்று உங்கள் பக்கம் நின்று பேசவும்தான் அவர். இந்த இரண்டையும் செய்யாதவர் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் உங்களுக்கு ஆக மாட்டார்.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் கரையில் இன்சூரன்ஸ் போட்டுத் தருகிற எல்லாரையும் புரோக்கர் என்றே கூப்பிடுகிறோம். சட்டத்தின் கண்ணில் அவர்கள் வேறு வேறு ஆட்கள். உங்கள் மாமா மாதிரி தனி ஏஜென்ட், ஒரு ஆயுள் கம்பெனி, ஒரு பொதுக் காப்பீட்டுக் கம்பெனி, ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி என்ற அளவில்தான் வேலை செய்ய முடியும். அவர் கம்பெனியின் ஆள். கம்பெனியிடம் இருக்கிற பாலிசியைத்தான் அவர் விற்க முடியும், அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. வங்கியும் கம்பெனிகளின் ஏஜென்ட்தான், எண்ணிக்கை கொஞ்சம் கூடுதல். புரோக்கர் வாடிக்கையாளரின் ஆள். எந்தக் கம்பெனியிடமும் விலை கேட்கலாம், எதிலிருந்தும் எடுத்துத் தரலாம். அதற்கு, காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் மத்திய ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பதிவு பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். நேரடிப் புரோக்கர் என்ற வகைக்கே குறைந்தது 75 லட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும். தன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்டத் தனக்கும் ஒரு பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்க வேண்டும். ஆகவே, ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர் அநேகமாகப் புரோக்கர் இல்லை. ஏதோ ஒரு புரோக்கர் நிறுவனத்துக்கோ கம்பெனிக்கோ கீழே, சில மணி நேரப் பயிற்சி முடித்து, எளிய பாலிசிகளை மட்டும் விற்க அனுமதி பெற்ற விற்பனையாளராக இருப்பார். பைக்குக்கு அவர் போதும். உங்கள் விசைப்படகைப் பற்றி அவரிடம் பேசிப் பிரயோசனமில்லை.

செலவு கூடுமா என்ற பயத்துக்கு வருகிறேன். புரோக்கருக்குக் கூலி கொடுப்பது காப்பீட்டுக் கம்பெனி. மாமாவுக்குப் போகிற கமிஷன் எந்தப் பிரீமியத்துக்குள் இருக்கிறதோ அதே பிரீமியத்துக்குள்தான் இதுவும். தனியாக நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, கம்பெனிதான் கூலி கொடுக்கிறது என்பதால், கூடுதலாகத் தருகிற கம்பெனியின் பக்கம் மனம் சாயத்தான் செய்யும். 'இந்தப் பாலிசியில் உங்களுக்கு எவ்வளவு வருகிறது?' என்று நேருக்கு நேர் கேளுங்கள். கேட்டால் சொல்ல வேண்டும் என்பது அவருடைய நடத்தை விதியிலேயே இருக்கிறது. முகம் சுளிக்காமல் சொல்கிறவர் நல்லவர். அதே மூச்சில், 'என் கமிஷனில் கொஞ்சம் உங்களுக்குத் திருப்பித் தருகிறேன்' என்கிறவரை விட்டு விலகிவிடுங்கள். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் 41ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இன்றைக்குக் கமிஷனை விட்டுக்கொடுத்துப் பிடித்த வாடிக்கையாளருக்காக நாளைக்கு மதுரையிலிருந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்து, நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயரோடு வாதாட அவருக்கு என்ன வந்தது?

எங்கே தேடுவது? ராமநாதபுரம் டவுனில் கம்பெனிகளுக்கும் ஏஜென்ட்களுக்கும் குறைவில்லை. படகு, ஆலை போன்றவற்றைக் கையாளும் புரோக்கர் நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் மதுரையோ சென்னையோதான் பார்க்க வேண்டும். ஐஆர்டிஏஐ இணையதளத்தில் பதிவு பெற்ற புரோக்கர்களின் முழுப் பட்டியல் இருக்கிறது. பெயர், பதிவு எண், எந்த வகை, பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதை அதில் சரிபாருங்கள். ஒருவர் தரும் விசிட்டிங் கார்டில் பதிவு எண் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் பட்டியல் சொல்வது அவருக்கு உரிமை இருக்கிறதா என்பதை மட்டும்தான். கடல் தெரியுமா என்று அது சொல்லாது. அதற்கு நம் வழி வேறு: தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதி செய்கிற கம்பெனிகளிடம், உங்கள் நண்டுச் சதையை வாங்குகிறவரிடமே கேளுங்கள், சரக்குக் காப்பீட்டை யார் பார்க்கிறார்கள் என்று. நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ படகு நஷ்டத்துக்குப் பணம் வாங்கியவர்களைச் சங்கத்து ஆட்கள் மூலம் பிடித்து, யார் நடத்திக் கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். பாலிசி எடுத்தவர் சொல்லும் பாராட்டைவிடக் கிளெய்ம் வாங்கியவர் சொல்லும் குறைக்கு மதிப்பு அதிகம்.

இன்னொரு நிஜத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைப் படகுக்காக ஒரு நல்ல புரோக்கர் நிறுவனம் உங்கள் பின்னால் வராது. வருகிற பணம் அவர்கள் போக்குவரத்துக்கே காணாது. பத்துப் பதினைந்து விசைப்படகுக்காரர்கள் சேர்ந்து, உங்கள் சங்கத்தின் வழியாகவே, ஒரே ஆளிடம் போனால் கதை மாறும். அப்போது அவர் கம்பெனிகளிடம் பேரம் பேச முடியும்: பழைய மரப் படகுகளையும் சேர்த்து எடுங்கள், ஒவ்வொரு நஷ்டத்திலும் நாங்களே ஏற்க வேண்டிய கழிவுத் தொகையைக் குறையுங்கள், நஷ்டம் வந்தால் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் சர்வேயரை அனுப்புங்கள் என்று. தனித்தனியாக நாம் கேட்டால் இதில் ஒன்றுகூட நடக்காது. கரையில் டீசலுக்கும் ஏலத்துக்கும் சேர்ந்து நிற்கத் தெரிந்த நாம் இதற்கு மட்டும் ஆளுக்கொரு பக்கம் போய் நிற்கிறோம்.

ஆளை எடைபோட நான் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: 'இலங்கை நேவி படகைப் பிடித்துக்கொண்டு போனால் பாலிசி தருமா?' தருவோம் என்று சட்டென்று சொல்கிறவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். சாதாரணப் படகுப் பாலிசியில் பிடித்தல், சிறைப்படுத்தல், தடுத்து வைத்தல் எல்லாம் போர் அபாயங்களோடு சேர்த்து விலக்கி வைக்கப்பட்டிருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டி அந்தப் பிரிவை வாங்கினாலும், விதி மீறியதற்காகப் பிடித்தோம் என்று எதிர்த் தரப்பு சொல்கிற வழக்கில் அது கை கொடுக்கும் என்று நம்பிப் படகை விட முடியாது. எந்தக் கடல் எல்லைக்குள் படகு தொழில் செய்யும் என்று பாலிசியில் எழுதியிருப்பார்கள். பாக் நீரிணையில் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் போட்ட கோடு நமக்கு எவ்வளவு கிட்டத்தில் கிடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தாண்டி இன்ஜின் நின்று படகு மூழ்கினாலும் கம்பெனி அந்த வரியைத்தான் முதலில் எடுத்துக் காட்டும். நல்ல புரோக்கர் இந்த இடத்தில் நிதானமாக, 'இதற்குக் காப்பீடு இல்லை, அரசாங்க நிவாரணத்தைத்தான் பார்க்க வேண்டும்' என்பார். அந்தப் பதில் கேட்கக் கசக்கும். அதைச் சொல்கிறவரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: 'வலை போனால்?' மீன்பிடிப் படகுப் பாலிசிகளில் வலை, மடி, கயிறு பொதுவாகப் படகோடு சேர்ந்து மொத்தமாகப் போனாலோ தீயில் போனாலோதான் கணக்கில் வரும். பாறையில் மாட்டிக் கிழிந்ததற்கும், வேறு படகு அறுத்துவிட்டுப் போனதற்கும் வராது. இதையும் தெளிவாகச் சொல்கிறாரா பாருங்கள்.

மூன்றாவது ஐஸ் கம்பெனியைப் பற்றியது. 'எனக்குப் போன தடவை ஏன் பாதி கிடைத்தது?' பாலிசித் தாளையும் சர்வே ரிப்போர்ட்டையும் கொடுத்துவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். சர்வே ரிப்போர்ட்டின் பிரதியைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் சொன்ன விவரத்தை வைத்து என் ஊகம் இது: ஐஸ் கம்பெனியைப் புதிதாக இன்று கட்டி எந்திரம் வைக்க 80 லட்சம் ஆகும் என்று வையுங்கள். பிரீமியம் குறையட்டும் என்று, அல்லது வங்கிக் கடன் அவ்வளவுதான் என்று, 40 லட்சத்துக்குப் பாலிசி எடுத்திருப்பீர்கள். சொத்தில் பாதியைத்தான் கம்பெனியிடம் ஒப்படைத்தீர்கள், மீதிப் பாதிக்கு நீங்களே பொறுப்பு என்றுதான் கணக்குப் போடுவார்கள். 10 லட்சம் நஷ்டம் வந்தால் 5 லட்சம்தான் வரும். '40 லட்சத்துக்குக் கட்டியிருக்கிறேனே, 10 லட்சம்தானே கேட்கிறேன்' என்ற வாதம் அங்கே எடுபடாது. வங்கிக்காரர் கடன் தொகைக்குக் காப்பீடு கேட்பார், அது அவருடைய பாதுகாப்புக்கு. உங்கள் பாதுகாப்புக்கு முழு மதிப்பும் வேண்டும்.

2021 ஏப்ரல் முதல் சிறு தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி வந்திருக்கிறது. ஓரிடத்தில் மொத்த மதிப்பு 5 கோடி வரை இருப்பவர்களுக்கு. தீயோடு புயல், வெள்ளம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். மதிப்பில் 15 சதவீதம் வரை குறைத்துப் போட்டிருந்தாலும் தொகையைக் குறைக்காமல் தருவார்கள். உங்களுடையது அந்தப் பாலிசிதானா, பழையதையே ஏதாவது பெயரில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்ததே, அப்படி ஒரு மழை திரும்ப வராது என்று யாரும் சொல்ல முடியாது.

இதோடு ஐஸ் கம்பெனி விஷயம் முடியவில்லை. அம்மோனியா கம்ப்ரசர் உள்ளே ஏதோ உடைந்து நின்றுபோனால் தீ, புயல் பாலிசி அதைத் தொடாது. அதற்கு எந்திரப் பழுதுக் காப்பீடு தனி. எந்திரம் நின்றதால் குளிர் அறையில் வைத்திருந்த நண்டுச் சதை கெட்டுப்போனால் அதற்குச் சரக்குக் கெடுதல் காப்பீடு இன்னொன்று, அது எந்திரப் பழுதுப் பாலிசி இருந்தால்தான் கிடைக்கும். உப்புக் காற்றில் துரு ஏறித் தேய்ந்ததற்கு எதிலும் கிடைக்காது. கம்பெனியின் ஆளுக்கு இவற்றைக் கோத்துப் பார்க்க அவசியமில்லை, ஏதோ ஒன்றை விற்றால் போதும். வாடிக்கையாளரின் ஆள்தான் ஐஸ் கம்பெனிக்குள் வந்து, தரை மட்டம் ரோட்டைவிடத் தாழ்வாக இருக்கிறதா, மோட்டாரை இரண்டடி உயரத்தில் தூக்கி வைக்க முடியுமா, சரக்கு எந்த மாதத்தில் அதிகம் நிற்கும் என்று கேட்பார். அவர் வந்து பார்க்காமல் மதுரையில் உட்கார்ந்தபடியே வாட்ஸ்அப்பில் விலை அனுப்பினால் அவர் பெயருக்குத்தான் புரோக்கர்.

சரி, ஒருவர் பிடித்துப்போய்விட்டது. அடுத்து என்ன? அவருக்கு ஒரு அதிகாரக் கடிதம் தர வேண்டும், இன்ன சொத்துக்கு எங்கள் சார்பில் கம்பெனிகளிடம் விலை கேட்கலாம் என்று. அதில் எந்தச் சொத்து, எவ்வளவு காலம் என்று எழுதுங்கள். 'எங்கள் எல்லாக் காப்பீட்டுக்கும்' என்று அவர் தயாரித்து வரும் தாளில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு இந்தக் கடிதத்தைக் கொடுப்பதும் கூடாது. ஒரே படகுக்கு மூன்று திசையிலிருந்து விலை கேட்டால் கம்பெனிகள் யாருக்குமே பதில் சொல்லாது. ஆளை மாற்ற வேண்டுமென்றால் பின்னால் புதுக் கடிதம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

குறைந்தது மூன்று கம்பெனிகளின் விலையை எழுத்தில் கேளுங்கள். அரசுத் துறையில் நேஷனல், நியூ இந்தியா, ஓரியன்டல், யுனைடெட் இந்தியா நான்கும் இருக்கின்றன, தனியார் பலர் இருக்கிறார்கள். விலைப் பட்டியலில் பிரீமியத்தை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு நஷ்டத்திலும் நீங்கள் ஏற்க வேண்டிய முதல் தொகை எவ்வளவு, விலக்கு எவை, நிபந்தனை எவை என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். படகுப் பாலிசியில் நிபந்தனைகள்தான் ஆளைக் கவிழ்க்கும். உயிர்காப்பு மிதவை, படகு ஓட்டுகிறவரின் தகுதி, நங்கூரமிடும் இடம் என்று பல இருக்கும். வாடைக் காற்றுக் காலத்தில் ஒரு கரை, காற்று மாறினால் மறுகரை என்று படகைக் கொண்டுபோய்க் கட்டுவது நம் வழக்கம். பாலிசியில் 'மண்டபம் வடக்கு' என்று மட்டும் எழுதியிருந்து, படகு தெற்கில் கிடக்கும்போது சேதமானால் ஒரு கேள்வி எழும். இரண்டு கரையையும் எழுதச் சொன்னால் போதும், ஒரு வரிதான். அந்த வரியை எழுத வைக்கத்தான் உங்களுக்குப் புரோக்கர்.

விண்ணப்பப் படிவத்தை அவர் நிரப்பினாலும் கையெழுத்து அப்பாவுடையது. அதனால் வாசித்துப் பார்க்காமல் போடக் கூடாது. படகின் வயது, பழைய விபத்துகள், முன்பு எப்போதாவது பிடிபட்டிருந்தால் அது, இன்ஜின் மாற்றியது எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லிவிடுங்கள். 'அதெல்லாம் எழுத வேண்டாம், ரேட் ஏறிவிடும்' என்று அவர் சொன்னால், கிளெய்ம் அன்று மாட்டப்போவது அவர் இல்லை, உங்கள் அப்பா.

பணம் எப்போதும் காப்பீட்டுக் கம்பெனியின் பெயருக்கே போகட்டும். புரோக்கரின் சொந்தக் கணக்குக்கு, அவர் மச்சான் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய் போகக் கூடாது. அதே காப்பீட்டுச் சட்டம் 64வி.பி. பிரிவின்படி பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் அபாயம் அவர்கள் தலையில் ஏறாது. அவர் கையில் கொடுத்துவிட்டோம் என்பது உங்களுக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. படகு, ஆலைக் காப்பீடுகளுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வரி நீங்கியது தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்குத்தான்.

இதையெல்லாம் எப்போது செய்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகு கரையேறிப் பலகை பார்த்து, பெயின்ட் அடித்து நிற்கிற அந்த நாட்கள்தான் காப்பீட்டுக்கும் நாள். சர்வேயர் அடிப்பலகையைக் கண்ணால் பார்க்க முடியும், இன்ஜின் எண்ணைத் தேய்த்து எடுக்க முடியும், மதிப்பு எவ்வளவு என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுத முடியும். பாலிசி ஜூன் 15 அன்று நடப்புக்கு வந்துவிட வேண்டும். இங்கே பெரும்பாலானவர்கள் ஐப்பசி பிறந்து, வங்கக் கடலில் தாழ்வு நிலை என்று ரேடியோ சொன்ன பிறகுதான் போன் அடிக்கிறார்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பிறகு எந்தக் கம்பெனியும் புதிதாக எடுக்காது. கெடு தாண்டிப் புதுப்பித்தால் திரும்பப் படகை வந்து பார்க்க வேண்டும் என்பார்கள். அந்த இடைவெளியில்தான் வழக்கமாக விபத்து வரும், ஏனென்று எனக்கே தெரியாது. இன்னொன்று, தடைக் காலத்தில் படகு தொழிலுக்குப் போகாமல் கரையில் கிடப்பதற்காகப் பிரீமியத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் பிரிவை உங்கள் பாலிசியில் சேர்க்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். நம் ஊரில் இதைக் கேட்கிறவர்களே குறைவு.

நஷ்டம் வந்த அன்று செய்ய வேண்டியதை இப்போதே பேசி வையுங்கள். புயலில் கட்டறுத்துக்கொண்டு ஒரு படகு இன்னொன்றில் மோதி, கரையில் ஏறிக் கிடக்கிறது என்று வையுங்கள். நம்மவர்கள் முதலில் செய்வது, ஆள் சேர்த்து இழுத்து, படகுத் தச்சரான ஓடாவியைக் கூப்பிட்டு, இரண்டே நாளில் பலகை மாற்றித் தொழிலுக்கு விடுவது. தொழில் நிற்கக் கூடாதே, நியாயம்தான். ஆனால் சர்வேயர் வரும்போது அங்கே புதுப் பலகைதான் இருக்கும். எதை வைத்து அவர் எழுதுவார்? கிடந்த நிலையில் நாலு பக்கமும் வீடியோ, பதிவு எண் தெரிகிற மாதிரி. புரோக்கருக்கும் கம்பெனிக்கும் அன்றைக்கே வாட்ஸ்அப்போடு நிற்காமல் மின்னஞ்சலில் தகவல். மீன்வளத் துறைக்கும் கடலோரக் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் புகார், ரசீதோடு. இன்னும் சேதமாகாமல் காப்பாற்றச் செய்கிற செலவைப் பாலிசி ஏற்கும், அதைச் செய்யாமல் விட்டால்தான் கேள்வி. ஆனால் பில் வேண்டும். இழுத்துக் கொடுத்த படகுக்காரருக்குக் கையில் பணத்தைத் திணித்துவிட்டு வந்துவிடாமல், ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஜேசிபி வாடகைக்கும் அப்படியே. கழற்றிப் போட்ட பழைய பலகையை அடுப்பெரிக்கக் கொடுத்துவிட வேண்டாம், சர்வேயர் பார்க்கட்டும்.

சர்வேயர் வருகிற அன்று புரோக்கரின் ஆள் கூட இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். படகு வேலையில் எது பழசு, எது இந்த விபத்தில் வந்தது என்று பிரிக்கிற இடத்தில்தான் பணம் குறைகிறது. ஓடாவி, சர்வேயர், புரோக்கர் மூவரும் படகுக்குள் நின்று பேசி முடித்துவிட்டால் பிறகு கடிதம் எழுதிக்கொண்டிருக்கத் தேவை வராது. பணம் வரும்போது, கடன் இருந்தால் முதலில் வங்கிக்குத்தான் போகும் என்பது பாலிசியிலேயே எழுதியிருக்கும். அதை முன்பே வங்கியோடு பேசிக்கொள்ளுங்கள்.

தகராறு வந்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' தளத்திலும் 155255 என்ற இலவச எண்ணிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதில் சரியில்லையென்றாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையான கோரிக்கைகளைப் பார்ப்பார். 2021 முதல் புரோக்கர் மீதான குறைகளையும் அவரிடமே சொல்லலாம். அப்பா பெயரில் இருக்கும் படகுக்கு இந்த வழி திறந்திருக்கிறது. குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்வது தனிநபர், தனி உரிமையாளர், குறுந்தொழில் என்ற வகைகளைத்தான். ஐஸ் கம்பெனியைக் கூட்டாண்மையாகப் பதிந்திருக்கிறீர்கள், குறுந்தொழிலாக, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். அதற்கு இரண்டு வருடக் கெடு உண்டு.

நாட்டுப்படகைப் பற்றியும் கேட்டீர்கள். அதற்குப் புரோக்கரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். கடலுக்குப் போகிற எல்லார் பெயரும் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் ஏறியிருக்கிறதா என்று ஒரு தடவை நேரில் பாருங்கள். இறந்தாலோ முழு ஊனமானாலோ 5 லட்சம், பிரீமியத்தை மத்திய மாநில அரசுகளே கட்டுகின்றன. மீனவர் நல வாரிய அட்டையும் நடப்பில் இருக்கட்டும். நண்டுக் கூடத்தில் வேலை செய்யும் பெண்களை மறந்துவிட்டீர்கள். கொதி தண்ணீரும் அம்மோனியாக் குழாயும் இருக்கிற இடம் அது. அவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுக்கப் புரோக்கரிடம் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள், பெரிய தொகை ஆகாது.

கடைசியாக மாமா. அவரிடம் மறைத்துச் செய்ய வேண்டாம், மண்டபத்தில் எதுவும் மறையாது. வீட்டு வண்டிகள், அக்கா பிள்ளைகளின் ஆயுள் பாலிசி, அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீடு எல்லாம் அவரிடமே இருக்கட்டும், அதில் அவர் உங்களுக்குக் குறை வைக்கவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். படகுக்கும் ஐஸ் கம்பெனிக்கும் மட்டும் பல கம்பெனிகளிடம் விலை கேட்க வங்கி சொல்கிறது என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். புரோக்கர் கேட்கிற கம்பெனிகளில் மாமாவின் கம்பெனியும் ஒன்றாக இருக்கட்டும். அவர்கள் தருகிற விலையும் நிபந்தனையும் நன்றாக இருந்தால் அங்கேயே எடுக்கலாம், அப்போது அந்தப் பாலிசிக்கு மாமாவா புரோக்கரா என்று ஒருவரைத்தான் வைக்க முடியும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.